சோதிக்கச் செலவாகுமாம், அந்தச் செலவு யார் தலையில்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏறத்தாழ நாலு வீட்டுக்கு ஒரு வீடு, வீட்டைச் சூடாக்க எரிக்கும் ஹீட்டிங் ஆயிலை நம்பித்தான் குளிர்காலத்தை ஓட்டுகிறது. லாரி வரும், பேஸ்மென்ட் டேங்கை நிரப்பும், கதவில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போகும். எத்தனை கேலன், என்ன விலை, எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். எண்ணெயில் பயோடீசல், அதாவது தாவர எண்ணெயிலோ கழிவு எண்ணெயிலோ செய்த எரிபொருள், எத்தனை சதவீதம் என்பது மட்டும் எனக்கு வந்த ஒரு சீட்டிலும் இல்லை. அதைச் சோதிக்கச் செலவாகும் என்று ஒதுங்கிக்கொண்டது மாநில அரசு.

பயோடீசல் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பொரித்த எண்ணெயை மறுபடி எரிபொருளாக்குவது நல்ல காரியம். ஆனால் அதற்கென்று சில குணங்கள் உண்டு. பழைய டேங்கின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த கசடை அது கரைத்துக் கிளப்பிவிடும், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். கலவை கூடக்கூட, குளிரில் சீக்கிரமே கெட்டியாகும். டேங்கை வெளியில் வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமா? போன ஜனவரியில் எங்கள் பர்னர் நடுராத்திரியில் நின்றது. ஃபில்டர் முழுக்கக் கசடு. கலவை மாறியதால் இருக்கலாம், டேங்கின் வயசாகவும் இருக்கலாம் என்றார் மெக்கானிக். எண்ணெய்க் கம்பெனியைக் கேட்டால், டெர்மினலிலேயே, அதாவது லாரிகள் எண்ணெய் நிரப்பும் மொத்தக் கிடங்கிலேயே, கலந்து வருகிறது, எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். விற்கிறவருக்கே தெரியாத ஒன்றை நான் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

இதை ஒழுங்குபடுத்த இந்த மாநிலம் 2008-லேயே சட்டம் போட்டது. ஹீட்டிங் ஆயிலில் குறைந்தது இத்தனை பயோடீசல் இருக்க வேண்டும் என்று, 2010 ஜூலையில் 2 சதவீதம், 2013-க்குள் 5 சதவீதம் என்று கணக்கு. அமலுக்கு வரவேண்டிய நேரத்தில் அரசே அதை நிறுத்தி வைத்தது. செலவு என்றார்கள். பக்கத்திலேயே ரோட் ஐலண்ட், எங்களைவிட எத்தனையோ சின்ன மாநிலம், 2023-ல் 10, 2025-ல் 20, 2030-ல் 50 சதவீதம் என்று சட்டமே இயற்றிவிட்டது. நியூயார்க் நகரம் 2012-லேயே 2 சதவீதத்தைக் கட்டாயமாக்கி, 2017-ல் 5 ஆக்கியது. அவர்களுக்கு மட்டும் ஆய்வாளர்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறார்களா?

எது அவ்வளவு பெரிய செலவு? லாரி மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து முத்திரை வைக்க எடை அளவை அதிகாரிகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அளவைச் சோதிக்க ஆள் உண்டு, ஊற்றுவது என்ன என்று பார்க்க ஆள் இல்லையாம். வீடு வீடாக ஏறி இறங்கவும் வேண்டாம். கலப்பது டெர்மினலில்தான், டெர்மினல்களோ கொஞ்சம்தான். அங்கே அவ்வப்போது சொல்லாமல் போய் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பினால் போதும்.

இன்னொன்று இன்னும் எரிச்சல். கழிவு எண்ணெயில் செய்த பயோடீசலைக் கலந்து விற்றால் மாநிலத்தின் மாற்று எரிசக்தித் திட்டத்தில் கிரெடிட், அதாவது காசுக்கு விற்கக்கூடிய சான்று, கிடைக்கிறது. அந்தக் கிரெடிட்டை வாங்க வேண்டிய கடமை மின்சாரம் விற்பவர்களுக்கு. அவர்கள் அதை எங்கள் கரண்ட் பில்லில்தான் ஏற்றுவார்கள். ஆக, கலவைக்குக் கரண்ட் பில்லில் ஒரு காசு, அடைத்த ஃபில்டருக்கு மெக்கானிக்கிடம் ஒரு காசு. அரசு மிச்சம் பிடிப்பதாகச் சொல்கிற செலவை நாங்கள்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

டெலிவரி சீட்டில் ஒரு வரி கூட்டுங்கள்: பயோடீசல் இத்தனை சதவீதம். பொய்யாகப் போட்டால் அபராதம். சோதனைச் செலவுக்கு அந்த அபராதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பற்றாவிட்டால் கேலனுக்கு அரைக்கால் சென்ட் வாங்குங்கள். தருகிறோம்.