ஹக்கீமுக்கு எந்தப் புத்தகத்துல இடம்?

சுயமுன்னேற்றப் புத்தகம் வாசிக்கிறவங்களக் கிண்டல் பண்ற கூட்டத்துல நான் இல்ல, மொதல்லயே சொல்லிடுறேன். நானும் காசு குடுத்து வாங்கி வாசிக்கிறவதான். மார்த்தாண்டத்துல இருந்து திருவனந்தபுரத்துக்கு டெய்லி பஸ்ஸு, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரைன்னு ஊர்ந்து போய்ச் சேருறதுக்குள்ள ஒருபாடு பக்கம் ஓடிரும், சீட்டு கிடைச்சா. கொஞ்ச காலமா ஒரு நாவல், ஒரு சுயமுன்னேற்றம்னு மாறி மாறி வாசிக்கிறேன், பிளான் எல்லாம் ஒண்ணும் இல்ல, கையில கிடைச்ச வரிசை அப்படி. அதுல ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு, இங்க கொட்டிடுறேன், நீளமா வரும், பொறுத்துக்கிடுங்க.

பென்யாமினோட ஆடுஜீவிதம். 2008-ல மலையாளத்துல வந்தது, 2024-ல படமாவும் வந்தாச்சு, அதனால கதையச் சொல்றதுக்குத் திட்டமாட்டீங்கன்னு நெனைக்கிறேன். கூட வேலை பாக்குற சேச்சிதான் வாசிக்கச் சொன்னாங்க, கூடவே "பஸ்ஸில் இருந்நு வாயிக்கண்டா, கரஞ்ஞு போகும்"னும் சொன்னாங்க, பஸ்ஸுல வச்சு வாசிக்காத, அழுதிருவேன்னு. கேக்கல நான். வீட்டுக்கு ஒருத்தர் கல்ஃப்ல இருக்கிற ஊர்க்காரிக்கு, ரியாத் ஏர்போர்ட்ல யாரோ ஒருத்தன் வந்து கூட்டிட்டுப் போய் பாலைவனத்துல ஆடு மேய்க்க விடுறதுங்கிறது கதையாவே தோணாது பாத்துக்கிடுங்க. கதைநாயகன் நஜீப் தப்பிச்சிட்டான். ஆனா அவன்கூட ஓடின ஹக்கீம், சின்னப் பையன், தண்ணி கிடைக்காம வெறி புடிச்சு மணல்லயே விழுந்து செத்துப் போறான். அந்தப் பக்கத்த வாசிச்சப்ப பஸ்ஸு எங்க நிக்குதுன்னே தெரியல.

அது முடிஞ்ச கையோட எடுத்தது ஜேம்ஸ் கிளியரோட அட்டாமிக் ஹேபிட்ஸ். டெய்லி ஒரு பெர்சன்ட் முன்னேறினா வருஷக் கடைசியில 37 மடங்கு ஆயிருவீங்கங்குற அந்தக் கணக்கு. கால்குலேட்டர்ல போட்டா சரியாத்தான் வருது. ஆனா மனுஷன் என்ன ஆர்.டி. அக்கவுண்டா? புத்தகம் மோசம்னு சொல்லல, கெட்ட பழக்கத்தக் கண்ணுக்குத் தெரியாத இடத்துல வையிங்கிற விஷயம் எனக்கு நெசமாவே உதவிச்சு, ராத்திரி போன் இப்பம் அடுக்களையிலதான் கெடக்கு. ஆனா வாசிக்க வாசிக்க ஹக்கீம் ஞாபகம் வந்துட்டே இருந்தான். நஜீபுக்கு இந்த மாதிரி புத்தகத்துல தாராளமா இடம் உண்டு, "விடாமுயற்சி"ன்னு ஒரு அத்தியாயமே குடுத்துருவாங்க. ஹக்கீமும் அதே தைரியத்தோடதானே ஓடினான்? அவன எந்த அத்தியாயத்துல வைப்பாங்க?

என் வாதம் இவ்வளவுதான். ஜெயிச்சவன் என்ன பண்ணினான்னு இவங்க பட்டியல் போடுறாங்க, அதே பட்டியல அப்படியே செஞ்சும் விழுந்தவன் பேரக் காணோம். பேரு வந்தாலும், இப்படி இருக்காதேன்னு காட்டுறதுக்குத்தான் வருது.

ரிச் டாட் புவர் டாட் அதுக்கு நல்ல உதாரணம், 1997-ல வந்த புத்தகம், இன்னும் எங்க ஊரு கல்யாண வீட்டுல எவனாவது ஒருத்தன் அதப் பத்திப் பேசாம இலை மடக்குறதில்ல. அந்த "ஏழை அப்பா" யாருன்னு தெரியுமா? புத்தகத்த எழுதின கியோசாகியோட சொந்த அப்பா, ஹவாய்ல கல்வித்துறையில பெரிய பதவியில இருந்தவரு, 1970-ல லெப்டினன்ட் கவர்னர் பதவிக்குத் தேர்தல்ல நின்னு தோத்தவரு. வேலைய விட்டு, எலெக்‌ஷன்ல நின்னு தோத்த ஒரு வாத்தியார் வர்க்கத்து மனுஷன்! நம்ம ஆளுங்க யார் கையிலயாவது இவரு கிடைச்சிருந்தா ஒரு நாவல் கிடைச்சிருக்கும். மகன் கையில கிடைச்சதால பாடம் ஆயிட்டாரு. எங்க வீட்டுலயும் வாத்தியார் அப்பாதான், லோன் போட்டு வீடு கட்டி ரிட்டயர் ஆகுற வரைக்கும் அடைச்சவரு. குடியிருக்குற வீடு சொத்தே இல்ல, செலவுதான்னு அந்தப் புத்தகம் சொல்லுது. செரி, இருக்கட்டும், மழைக்கு நாங்க எல்லாரும் அந்தச் செலவுக்குள்ளதான் படுத்துத் தூங்கினோம்.

இதுக்கு நேர் எதிரா இருக்கு நம்ம பக்கத்து நாவல் ரெண்டு. நீல. பத்மநாபனோட தலைமுறைகள், 1968, இரணியல் செட்டியார் வீட்டுக் கதை. கதைநாயகன் திரவியோட அக்கா நாகுவ, இவ பொம்பளையே இல்லன்னு பழி சொல்லி புருஷன் வீட்டுல திருப்பி அனுப்பிடுறாங்க. அவ மேல ஒரு தப்பும் இல்ல. எந்தப் பழக்கத்த அவ மாத்திக்கணும்? ஹெப்சிபா ஜேசுதாசனோட புத்தம் வீடு, 1964, விளவங்கோடு பக்கத்துப் பனங்காட்டு ஊரு. லிஸி பெரியவளாயிட்டான்னு பள்ளிக்கூடத்த நிறுத்தி வீட்டுக்குள்ளயே வச்சிடுறாங்க, அவ மனசு பனையேறி மகன் தங்கராஜ் மேல. ஒண்ணுமே நடக்காத மாதிரி நடக்குற நாவல் அது, ஒரு பொண்ணு ஜன்னல் வழியா எவ்வளவு நேரம் பாத்துட்டு இருப்பாங்கிறத அந்தம்மா எழுதின மாதிரி யாரும் எழுதல, என் அபிப்பிராயம், சண்டைக்கு வாறவங்க வரலாம். பேச்செல்லாம் எங்க ஆச்சி பேசுற பேச்சு. நாலு பக்கம் வாசிச்சா வாசல்ல யாரோ பேசிட்டு நிக்குற மாதிரி இருக்கும்.

இக்கிகய்னு ஒரு புத்தகம், வாழுறதுக்கான அர்த்தம்னு ஜப்பான்காரங்க சொல்ற வார்த்தை அது, சுருக்கமா முடிச்சுக்கிறேன், அழகா இருக்கு, மெல்லிசா இருக்கு. ஜப்பான்ல ஒகினாவால ஓகிமின்னு ஒரு கிராமம், வயசானவங்க கடைசி வரைக்கும் சும்மா இருக்க மாட்டாங்களாம், அதான் ஆயுசு ரகசியமாம். எங்க ஊர்ல எழுபது வயசுலயும் அண்டி ஆபீஸுக்கு, அதான் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஃபேக்டரிக்கு, போற அம்மாமார் இருக்காங்க. தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து வெந்து தோலுரிஞ்சு இருக்கும், சாம்பலத் தொட்டுத் தொட்டு அண்டி தல்லுவாங்க. அவங்க வாழ்க்கையோட அர்த்தம் தேடிப் போகல, மருமகன்கிட்ட கை நீட்டக் கூடாதுன்னு போறாங்க. அதையும் கேட்டு எழுதியிருந்தா நல்லாருந்திருக்கும்.

ஆனா ஒரு புத்தகம் என் வாய அடைச்சிருச்சு. மார்கன் ஹவுசலோட சைக்காலஜி ஆஃப் மணி, 2020. பணக்காரன் ஆகுற வழி சொல்லும்னு நெனச்சு எடுத்தா, ரெண்டாவது அத்தியாயத்துலயே பில் கேட்ஸோட பள்ளிக்கூடத்து ஃப்ரெண்டு கென்ட் எவன்ஸ் வாறான். கேட்ஸுக்குச் சமமான கெட்டிக்காரன், ரெண்டு பேரும் ஒண்ணா கம்பெனி ஆரம்பிச்சிருக்க வேண்டியது, பள்ளிக்கூடம் முடிக்குறதுக்கு முன்னாடியே மலை ஏறப் போன இடத்துல செத்துட்டான். கேட்ஸுக்குக் கிடைச்சது அதிர்ஷ்டம், எவன்ஸுக்குக் கிடைச்சது அதோட மறுபக்கம்னு ஹவுசல் ஒளிக்காம எழுதுறாரு. அப்பாடா, ஒரு ஹக்கீமுக்கு இடம் குடுத்திருக்காரேன்னு இருந்துச்சு. அதே புத்தகத்துல ரொனால்டு ரீட்னு ஒருத்தரு, பெட்ரோல் பங்க்லயும் துப்புரவு வேலையிலயும் காலம் கழிச்சவரு, 2014-ல 92 வயசுல சாகும்போது 80 லட்சம் டாலருக்கு மேல இருந்துச்சாம், பெரும்பகுதிய உள்ளூர் ஆஸ்பத்திரிக்கும் லைப்ரரிக்கும் எழுதி வச்சிட்டாரு. லைப்ரரிக்கு! அந்த மனுஷன் ராத்திரி தனியா உக்காந்து என்ன வாசிச்சிருப்பாருன்னு ஹவுசல் சொல்லல, எனக்கு அதுதான் வேணும்.

இப்பம் பையில இருக்கிறது தோப்பில் முகமது மீரானோட சாய்வு நாற்காலி, பாதி கூட ஆகல, அதனால வாயத் திறக்க மாட்டேன். ரிச் டாட் யாருக்காவது வேணும்னா இன்பாக்ஸ்ல சொல்லுங்க மக்கா, மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கலாம், திருப்பித் தர வேண்டாம். தலைமுறைகள் மட்டும் கேக்காதீங்க, அது சேச்சிக்கு, தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிட்டு இருக்காங்க.