பதவிக்காலம் முடிந்த சபையும் உடைந்த மதகும்

ஒவ்வொரு மாரியிலும் எங்கள் ஊரின் கிறவல் வீதியை மதகடியில் வெள்ளம் அறுத்துவிடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்காலளவு செந்நீரில் சைக்கிளை உருட்டிச் செல்கிறார்கள். மதகைக் கட்டித் தாருங்கள் என்று மகஜருடன் போனால், அது எவருடைய பொறுப்பு என்பதற்கே பதில் கிடைப்பதில்லை. வீதி பிரதேச சபைக்குரியது என்றாலும், தண்ணீர் குளத்து வாய்க்காலால் வருவதால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைக் கேளுங்கள் என்கிறார்கள்; அங்கே போனால், 80 ஹெக்டேயருக்கு மேல் வயல் பாயும் குளம் தங்களுடையதல்ல, நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் போங்கள் என்கிறார்கள். வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ வயல் செய்கிறவர் இந்த எல்லைகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டா மகஜர் எழுத வேண்டும்?

இதைவிடக் கொடுமை, தட்டிக் கேட்பதற்கு மக்கள் தெரிவுசெய்த ஆளே இல்லாமற் போனதுதான். 2018இல் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் நான்காண்டுப் பதவிக்காலம், ஓராண்டு நீடிப்பும் சேர்ந்து, 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தலோ 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். அவர்களில் அக்கறையுள்ளவர்களும் இருந்தார்கள், அதை மறைக்கக்கூடாது. ஆனால் எங்கள் வாசலுக்கு வந்து வாக்குக் கேட்டீர்களே என்று அவர்களிடம் உரிமையோடு கேட்க முடியாது. வடக்கு மாகாண சபையின் ஐந்தாண்டுக் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் வைக்காமல், ஆளுநரின் கீழேயே மாகாணத்தை விட்டுவைத்திருப்பது எங்களுக்குச் செய்யும் பெரிய அநியாயம்.