சயாமுக்குப் போனவரின் பெயர்

என் கொள்ளுத்தாத்தா இறந்த நாள் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தின் பெரட்டுக் களத்திலிருந்து (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) லாரியில் ஏற்றப்பட்டு, சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்குப் போனார் என்பதோடு அவருடைய கதை நின்றுவிடுகிறது. நாள் தெரியாததால் திதி கிடையாது. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்றுதான் அவருக்குப் படைக்கிறோம். மலேசியத் தமிழர்களில் தோட்டத்து வழி வந்த பல குடும்பங்களில் இப்படி நாள் தெரியாத ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி இன்றே எழுதி வைக்காவிட்டால் இனி எழுத முடியாது என்று நான் நம்புவதால்தான் இந்தப் பதிவு.

1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் தரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரைக் கைப்பற்றியது. ரப்பரை ஏற்றிப்போகக் கப்பல் இல்லாமல் தோட்டங்கள் முடங்க, வேலையும் அரிசியும் இல்லாமல் மக்கள் தவித்த நேரத்தில், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு ஆள் திரட்டினார்கள். நல்ல சம்பளம் என்று சொல்லி முதலில் அழைத்தார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தபோது பிடித்துக்கொண்டு போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதில் வேலை வாங்கப்பட்ட ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைவிடப் பல மடங்காக, 80,000 முதல் 1,00,000 வரையிலான ஆசியத் தொழிலாளர்கள் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மடிந்ததாக மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது ஆகியவையும், சிலவற்றில் குடும்பத்தார் எழுதச் சொன்ன ஒரு வரியும் இருக்கின்றன. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். அவர்களுக்காகவும் நெஞ்சு கனத்தது. ஆனால் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனபோது எனக்குப் பொறாமையும் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்களவர் கிடக்கும் இடத்தில் கல் இல்லை, இடமே தெரியாது. பிறகு யோசித்தபோது ஒன்று புரிந்தது. கைதி முகாம்களில் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். இறந்தவர்களின் பட்டியலை எழுதி, பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும் ஒளித்து வைத்தார்கள். அந்தக் கற்களில் பெயர் இருப்பதற்குக் காரணம், அன்று யாரோ ஒருவர் எழுதினார் என்பதுதான். தொழிலாளர் முகாம்களில் நம்மவருக்காக எழுத ஆள் இல்லை. நடுகல்லில் பெயரும் பீடும் எழுதிய மரபில் வந்தவர்கள், பெயரின்றிப் புதைக்கப்பட்டார்கள்.

இதை இன்னும் கடினமாக்குவது நம் பெயரிடும் முறை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாளக் கார்டில் என் பெயருக்குப் பின் வருவது என் தகப்பனார் பெயர். அவருடைய கார்டில் அவருடைய தகப்பனார் பெயர். சயாமுக்குப் போனவரின் பெயர் என் தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தோடு முடிந்துவிட்டது. தாத்தா காலமாகிவிட்டார். அந்தப் பழுத்த காகிதம் ஒரு வெள்ளத்தில் போயிருந்தால், அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதற்கே எழுத்தில் சாட்சி இருந்திருக்காது.

காகிதம் சொல்லாதவற்றைச் சொல்ல என் அத்தைப் பாட்டி இருக்கிறார், தாத்தாவின் அக்கா. தகப்பன் லாரியில் ஏறியபோது அவருக்கு எட்டு வயது. போர் முடிந்து, பிழைத்தவர்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது, அவருடைய அம்மா தோட்டம் தோட்டமாகப் போய் ஒவ்வொருவரிடமும் விசாரித்திருக்கிறார். ஒருவர் ஆற்றங்கரை முகாமில் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் அந்த முகாமே வாந்திபேதியில் அழிந்தது என்றார். கண்ணால் கண்டேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. தாலியைக் கழற்றுவதற்கும் ஒரு சேதி வேண்டுமே. அந்தச் சேதி வராததால், சாகும்வரை அவர் பொட்டு வைத்திருந்தார். நல்ல காரியங்களில் முன்னால் வந்து நிற்கவும் இல்லை. சுமங்கலியா கைம்பெண்ணா என்று ஊர் பேசிய பேச்சையும் சுமந்துகொண்டு, பால்மரம் வெட்டி (ரப்பர் மரத்தில் பால் எடுத்து) இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். போரில் இழந்தவர்களை நினைப்பது என்றால், இந்தக் காத்திருப்பையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். நம் நினைவேந்தல்களில் இந்தப் பெண்களுக்கு இடம் மிகக் குறைவாக இருக்கிறது.

அத்தைப் பாட்டியின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். ஒரு நாள், அப்பாவைக் கட்டாயமாக இழுத்துப் போனார்கள் என்றார். இன்னொரு நாள், வீட்டில் அரிசி இல்லாததால் அவரே பெயர் கொடுத்தார் என்றார். என் உறவினர் சிலர் முதல் கதையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் உடன்படவில்லை. அவர் போர்வீரர் அல்லர்; தன் பிள்ளைகளின் பசிக்காகவே பெயர் கொடுத்திருந்தாலும் அதில் மறைக்க ஒன்றுமில்லை. இரண்டையும், சொன்ன தேதியோடு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அவருக்குப் புகைப்படமும் இல்லை. தாத்தாவின் முகத்தை வைத்துச் செயற்கை நுண்ணறிவால் ஒரு முகம் உருவாக்கிச் சட்டமிட்டு மாட்டலாம் என்று ஒரு தம்பி அன்போடு கேட்டான். வேண்டாம் என்றேன். இன்னும் இருபது ஆண்டுகளில் அது உருவாக்கிய படம் என்பதே மறந்துபோய், நம் பிள்ளைகள் யாரோ ஒருவரின் முகத்தை வணங்குவார்கள். இல்லாததை இல்லை என்று விட்டு வைப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான்.

இப்போது எங்களிடம் இருப்பது ஒரு கனமான நோட்டுப் புத்தகம். அவர் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், மனைவி, பிள்ளைகள், தோட்டம், குடியிருந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), புறப்பட்ட மாதம் எல்லாம் எழுதினோம். இறந்த இடம், நாள் என்ற இரண்டுக்கும் எதிரே ‘தெரியாது’ என்றே எழுதினோம். பொதுவெளியில் பெயரைப் போட அத்தைப் பாட்டி விரும்பாததால் இங்கே தரவில்லை. ஆனால் நோட்டில் அதை அவரே எழுத வேண்டும் என்று கேட்டேன். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் இரண்டு வகுப்பு மட்டுமே படித்தவர், நடுங்கும் கையால் எழுத்து எழுத்தாக எழுதினார். எழுதி முடித்ததும்தான் தெரிந்தது: பத்திரத்தில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்து நாங்கள் குறிலாகச் சொல்லி வந்த எழுத்து நெடில், லகரம் என்று நினைத்தது ளகரம். இத்தனை காலமும் படையலில் அவரைத் தவறான பெயரில் அழைத்திருக்கிறோம். இந்த ஆண்டு ஆடி அமாவாசையில், திருத்திய பெயரை அத்தைப் பாட்டி முதலில் சொல்ல, நாங்கள் எல்லோரும் திருப்பிச் சொல்லி விளக்கேற்றினோம்.