அப்பாவின் கணினியைத் துடைத்துவிட்டு 'புதுசாக்கிட்டோம்' என்றவர்களுக்கு

அப்பாவின் கணினியைக் கடைக்காரர் அவரைக் கேட்காமலே ஃபார்மேட் செய்து, அதிலிருந்த ஃபைல்களையும் அவருக்காக நான் செய்து வைத்த மாற்றங்களையும் மொத்தமாக அழித்துவிட்டதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தேன். அந்தப் பதிவுக்கு வந்த பின்னூட்டங்களை எல்லாம் படித்தேன். "கடைக்காரர் ஃபார்மேட் பண்ணினது சரிதானே", "டெஸ்க்டாப்ல யாராவது ஃபைல் வைப்பாங்களா", "எழுத்தைப் பெரிசாக்க ரெண்டு நிமிஷம், இதுக்கு ஒரு பதிவா?" கடைசிக் கேள்விதான் இரண்டு நாளாக மனதை அறுக்கிறது.

அந்தக் கணினிக்கு இருந்த ஒரே குறை, ஆன் செய்தால் எழுந்திருக்க நேரமானது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்தால், கணினியோடு சேர்ந்து தானாகக் கிளம்பும் மென்பொருள்கள் வரிசையாக நிற்கும். வேண்டாததை டிசேபிள் செய்யலாம். அது அழிந்துவிடாது, நாம் திறந்தால் மட்டும் வரும். முதலில் இதைப் பார்த்திருக்கலாம். கடைக்குப் போன் செய்து கேட்டேன், "அதெல்லாம் பார்க்கிறதில்லை சார், ஃபார்மேட்தான்" என்றார்.

அப்பா தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர். வேலையில் இருந்த காலம் முழுக்கத் தட்டச்சுப் பொறிதான். 1999-இல் கணினிக்கென்று தமிழ்99 என்ற விசைப்பலகை முறை வந்தபோது அவர் விரல்கள் பழைய வரிசையில் ஊறிப்போயிருந்தன. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் ஒலிப்பு முறையைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். "தமிழை எதுக்குடா இங்கிலீஷ்ல யோசிக்கணும்?" என்று எழுந்து போய்விட்டார். அப்புறம் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருளைப் போட்டு, அதில் பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்து வைத்தேன். அன்றைக்கு விசைகளைப் பார்க்காமலே ஒரு பக்கம் அடித்தார். வேலையை விட்டு வந்து 15 வருஷம் கழித்து! அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்தை 150 சதவீதம் ஆக்கினேன். மவுஸ் அம்பைப் பெரிதாக்கி மஞ்சள் நிறம் கொடுத்தேன். கை நடுங்குவதால் இரட்டைக் கிளிக் அவருக்கு வரவில்லை. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஒரே கிளிக்கில் ஃபைல் திறக்கும்படி மாற்றினேன். விண்டோஸ் விசையோடு வி-யை அழுத்தினால் முன்பு காப்பி செய்தவையும் வரும் என்று பழக்கினேன். பொங்கல் விடுமுறை நான்கு நாளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது இது. இரண்டு நிமிஷம் என்பவர்களே, எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்தால் இரண்டு நிமிஷம்தான். அவருக்கு எது தேவை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த நான்கு நாள். ஒரு மனிதர் கைக்குப் பழகிய கணினியை அவரைக் கேட்காமல் துடைக்கக் கூடாது. இதைத்தான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அப்பாவின் ஃபைல்களை டெஸ்க்டாப்பில் வைத்தது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். டெஸ்க்டாப்பும் விண்டோஸ் இருக்கும் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது, அதை ஃபார்மேட் செய்தால் எல்லாம் போகும். டெஸ்க்டாப் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் லொக்கேஷன் என்ற இடத்தில் டி டிரைவுக்கு மாற்றியிருக்கலாம். நான் செய்யவில்லை. அதற்காக, கேட்காமல் அழித்தது சரியாகிவிடுமா? வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவர்கூட "சாமான் எதுவும் உள்ளே இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தானே வாளியை இறக்குகிறார்.

"வயசானவர், புதுசைக் கத்துக்கட்டுமே" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். உங்கள் போனில் உங்களுக்குப் பிடித்த படம், பிடித்த ரிங்டோன், உங்கள் கைக்கு வாகான இடத்தில் உங்கள் ஆப். அது உங்கள் உரிமை. என் அப்பா தன் கண்ணுக்கும் கைக்கும் ஏற்றபடி ஒரு திரை வைத்துக்கொண்டால் அது பிடிவாதமா? வீட்டில் பெரியவர் கணினி முன்னால் உட்கார்ந்தாலே சிரிக்கிறோம். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோமா?

தாத்தாவைப் பற்றி அவர் அடித்து வைத்திருந்த 40 பக்கங்களில் ஜனவரி வரை எழுதியது என் பென்டிரைவில் இருக்கிறது. மீதி போனது போனதுதான். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மெஷின் வேற யாரோடதோ மாதிரி இருக்குடா" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். நான் அன்று செய்த ஒவ்வொன்றையும் அப்பா பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறாராம். "நீ வா, நான் படிக்கிறேன், நீ செய்" என்கிறார்.