“எஞ்சியன்னா என்னாப்பா?”

மகள் தரம் 3 படிக்கிறாள். போன கிழமை அவளுடைய கணக்குக் கொப்பியைப் புரட்டினால் சிவப்பு மையில் ஒரு பெரிய பிழை. கணக்கு இதுதான்: ஒரு கூடையில் 245 தோடம்பழங்கள் இருந்தன, 118 விற்கப்பட்டன, எஞ்சியவை எத்தனை? பிள்ளை கூட்டி 363 என்று போட்டிருந்தாள். கூட்டலில் ஒரு குறையும் இல்லை. (245 தோடம்பழம் கொள்கிற கூடையை நான் இதுவரை கண்டதில்லை. அது வேறு கதை.)

“வித்தா கூடுமா, குறையுமா?”

“குறையும்.”

“அப்புறம் ஏன் கூட்டின?”

கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். “எஞ்சியன்னா என்னாப்பா?”

“மிச்சம்.”

“மிச்சமா!” விரல் விட்டு எண்ணி, ஒரு நிமிசத்தில் 127 என்றாள்.

டீச்சர் பிழை போட்டது கணக்குக் கொப்பியில். பிள்ளை தடுக்கி விழுந்ததோ தமிழில். எங்கள் லயத்தில் (தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) யாரும் ‘எஞ்சியது’ என்று பேசுவதில்லை. சோறு மிச்சம், துணி மிச்சம், சம்பளத்தில் மிச்சம் (அது கிடையாது என்றாலும் சொல் இருக்கிறது). புத்தகத் தமிழை யாராவது அவளுக்குச் சொல்லிக் கொடுக்காவிட்டால், இனி எந்தப் பாடத்திலும் இதே கதைதான்.

தரம் 3 ஐ நாம் யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. தரம் 1 என்றால் முதல் நாள் போட்டோ, தரம் 5 என்றால் புலமைப்பரிசில் பரீட்சை. நடுவில் இருப்பது சும்மா ஓடிப்போகிற வகுப்பு என்று நானும்தான் நினைத்திருந்தேன். ஆனால் பையைத் தூக்கிப் பாருங்கள்: தமிழ், கணிதம், சுற்றாடல், சமயம், ஆங்கிலம், இரண்டாம் மொழிச் சிங்களம். முதல் இரண்டு வருசமும் பாட்டும் பேச்சுமாக இருந்த ஆங்கிலம் இந்த வருசம்தான் புத்தகமாக வந்து நிற்கிறது. சிங்களம் கடைத்தெருவில் அவளுக்கு நன்றாகவே வரும். “கீயத” என்று விலை கேட்டு, மிச்சக் காசை எண்ணித்தான் வாங்குவாள். எழுத்து என்றதும் முகம் சுருங்கிவிடும்.

பாடத்திட்டம் போட்டவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: தரம் 1, 2 ஒன்று, 3, 4 ஒன்று, 5 தனி. முதல் நிலையில் விளையாட்டுக்கு முதலிடம், கடைசி நிலையில் எழுத்து வேலைக்கு. நடு நிலையில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் சமபங்கு. கடதாசியில் அப்படி. கொப்பிகளைப் பார்த்தால் எழுத்து, எழுத்து, எழுத்து. டீச்சரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. “கொப்பியில ஒன்னுமே இல்லையே, இன்னைக்கு என்னதான் படிச்சே?” என்று கேட்கிற பெற்றோருக்குப் பயந்துதான் அவரும் எழுத வைக்கிறார். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

சுற்றாடல் பாடத்தில் தண்ணீர் வந்தது. எங்கள் லயத்துக்குக் கீழே ஒரு ஓடை. அது கொத்மலை ஓயாவில் விழுந்து, தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையில் கொஞ்சம் நின்று, பிறகு மகாவலியோடு சேர்ந்து திருகோணமலைப் பக்கம் கடலுக்குப் போகிறது. மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர் என்று சொன்னேன். “நான் விட்ட கடதாசிக் கப்பல் கடலுக்குப் போகுமா?” என்றாள். அணையில் நின்றுவிடும் என்றேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க அணைக்கு ஏன் கதவு வைக்கிறார்கள் என்ற விசாரணை. அது எந்தப் பாடத்துக்குச் சேர்த்தி என்று எனக்குத் தெரியவில்லை. தமிழ், கணக்கு, சுற்றாடல் எல்லாவற்றுக்கும்தான்.

தோடம்பழத்தை விட்டுவிட்டு எங்கள் தேயிலைக் கொழுந்தை வைத்தே கணக்குப் போடலாம். ஏறக்குறைய 4½ கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்தால் 1 கிலோ தூள். அப்படியானால் 18 கிலோவுக்கு எத்தனை கிலோ தூள்? இதைக் கேட்டால் லயத்துப் பிள்ளை எதுவும் முழிக்காது.

இப்போது பக்கத்து வீட்டில் புலமைப்பரிசில் வகுப்புக்கு ஆள் சேர்க்கிறார்கள். தரம் 3 இலேயே மாதிரி வினாத்தாள். அந்தப் பரீட்சை தோட்டத்துப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கதவு என்று எனக்குத் தெரியும். அனுப்புகிறவர்களைக் கேலி செய்யவும் மாட்டேன். ஆனால் கேள்வி என்ன கேட்கிறது என்றே விளங்காத பிள்ளைக்கு நூறு வினாத்தாள் கொடுத்து என்ன? நான் செய்வது சின்ன வேலை. கணக்கைச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். பிறகு அதையே நம்ம வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் பென்சில். மனைவிக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. “மத்த புள்ளைங்க முந்திருமே” என்கிறாள்.

வெள்ளிக்கிழமை என் அம்மா கொழுந்துத் துண்டோடு வந்தார், அன்றைக்குப் பறித்த கொழுந்தின் நிறையை எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூன்று நிறுவையும் மனதில் நிற்கும். காலை 6, பகல் 9, அந்தி 7. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று தடவைக்கு 1 கிலோ கழிப்பார்கள். மகள் துண்டை வாங்கிப் பார்த்தாள். 17 என்று இருந்தது. 18 இல்லையென்றால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்.

பென்சிலை எடுத்துக் கூட்டினாள், கழித்தாள். 19.

“அப்பாயி, ரெண்டு கிலோ எஞ்சுது.”

“எஞ்சுதா? எங்க எஞ்சுது? அவங்ககிட்டதான் எஞ்சுது” என்றார் அம்மா. அடுத்த நாள் போய்க் கேட்டார். எழுதும்போது தவறிவிட்டதாம், திருத்திக் கொடுத்தார்கள்.

தோடம்பழக் கணக்குக்குத் திருத்தம் இன்னும் எழுதவில்லை. நாளைக்கு டீச்சர் கேட்பார்.