செயலியை நீக்கினால் சந்தா நிற்காது, பணமும் வராது

"பிடிக்காத செயலியை போனிலிருந்து நீக்கிவிட்டால் சந்தா தானாக ரத்தாகும், 48 மணி நேரத்தில் பணம் திரும்பிவிடும், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இதே விதிதான்" என்று ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு.

சந்தா உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் பதிவாகிறது, செயலிக்குள் அல்ல. அதனால் செயலியை நீக்கிய பிறகும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஐபோனில் செட்டிங்ஸ் திறந்து, மேலே உள்ள உங்கள் பெயரைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதியில் ரத்து செய்யுங்கள். பிளே ஸ்டோரில் புரொஃபைல் படத்தைத் தொட்டால் 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' வரும். ஆப்பிளில் இலவச சோதனைக்காலம் முடிய குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்துவிட வேண்டும்.

ரத்து வேறு, பணத்தைத் திரும்பக் கேட்பது வேறு. அந்த 48 மணி நேரம் பிளே ஸ்டோரில் கோரிக்கை வைப்பதற்கான அவகாசம். அது கடந்தால் பெரும்பாலும் செயலியை உருவாக்கியவரிடமே கேட்க வேண்டும். திருப்பிக் கொடுத்த செயலியை மறுபடி வாங்கினால் இரண்டாம் முறை பணம் கிடைக்காது. ஆப்பிளில் 'ரிப்போர்ட் எ பிராப்ளம்' பக்கத்தில் காரணத்தைச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 'பெண்டிங்' நிலையில் இருக்கும்வரை விண்ணப்பிக்க முடியாது.