பறையடித்துக் கூட்டம் சேர்த்தது போதும்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் நெருங்கினால் பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் சித்தூர் தாலுகாவில் எல்லா ஊரிலும் ஒரே காட்சிதான். ஒரு மேடை, ஒரு பேனர், கூட்டம் சேரும்வரை பறை, சேர்ந்ததும் பறைக்காரர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரப் பேச்சு. பேசுகிறவர் வெளியூர்க்காரர், எங்கள் கிணறுகளில் எது எந்த மாசம் வற்றும் என்று அவருக்குத் தெரியாது. பறையடித்தவருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை. எனக்கு இது மனசு ஆறவே இல்லை.

பள்ளிக்கூட ஓவியப் போட்டியும் அப்படித்தான். சொட்டுகிற குழாய், அழுகிற பூமி உருண்டை, பனிக்கரடி. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளை பனிக்கரடியை ஏன் வரைய வேண்டும்? தன் வீட்டிலிருந்து கால்வாய்வரை நடந்து, வழியில் பார்த்ததை வரையட்டுமே.

எங்கள் பக்கத்து ஊரில் ஒன்று செய்தோம். மாரியம்மன் கோயில் முன்னால் மண்ணைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, ஊரையே கோலமாக வரையச் சொன்னோம். கோலமாவில் கால்வாய், செங்கல் பொடியில் வற்றிய கிணறு, கரித்தூளில் குப்பை கொட்டுகிற இடம். முதலில் தயங்கித் தயங்கித்தான் வந்தார்கள், அப்புறம் ஒரு பாட்டி வந்து "அது அங்க இல்ல கண்ணு, இங்க" என்று கையால் அழித்துவிட்டு மூடிப்போன ஒரு பழைய கிணற்றைச் சரியான இடத்தில் வைத்தார், அதோடு சண்டையும் விளக்கமும் பழைய கதையும் ஆரம்பித்து இருட்டும்வரை ஓயவில்லை. தமிழ்நாட்டோடு போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணை வழியாகக் கேரளாவுக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வரவேண்டும் என்று பேப்பரில் எத்தனையோ தடவை படித்திருக்கிறோம், அது கடைமடையில் எந்தத் தோட்டத்தோடு நின்றுபோகிறது என்று நான் கண்ணால் பார்த்தது அந்தக் கோலத்தில்தான்.

எங்கள் தாலுகாவிலேயே இருக்கிற பிளாச்சிமடையை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ல் கோக்கோகோலா குளிர்பான ஆலை வந்தது, 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் அதன் எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். எரவாளர் சமூகத்து மயிலம்மாவும் மற்றப் பெண்களும் சொன்னது என்ன? சோறு ஒழுங்காக வேகவில்லை, தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது. ஆலையின் கழிவுச் சேற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருப்பது 2003-ல்தான் பரிசோதனையில் வெளிவந்தது. அடுப்படியில் முதலிலேயே தெரிந்துவிட்டது. ஜனங்களுக்கு இப்படித் தெரிந்திருப்பதைக் கூச்சமில்லாமல் நாலு பேர் முன்னால் சொல்ல ஒரு இடம் வேண்டும், அந்த இடம்தான் ஊர்க்கலை என்று நான் நம்புகிறேன். எங்கள் அம்மாக்களிடம் மைக்கை நீட்டினால் பின்னால் போய்விடுவார்கள். கும்மியில் ஒருத்தி அடி எடுத்துக் கொடுத்தால் போதும், மெம்பர் பெயர் முதல் மோட்டார் ரிப்பேர்வரை எல்லாம் பாட்டில் வந்துவிடும்.

பாட்டுப் பாடினால் ஆலையை மூடிவிடுவார்களா என்று கேட்கிறார்கள். மாட்டார்கள். பிளாச்சிமடை இருக்கிற பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, கோர்ட்டில் வழக்கு நடந்தது, பந்தலை விட்டு ஆட்கள் எழுந்திருக்கவில்லை, அதனால்தான் 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆனால் அதோடு முடிந்ததா? 2010-ல் உயர்மட்டக் குழு சேதத்தை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது, 2011-ல் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதா சட்டசபையில் நிறைவேறியது, சட்டம் மட்டும் ஆகவில்லை. மயிலம்மா 2007-லேயே போய்விட்டார். பேப்பர்காரர்கள் வராத இத்தனை வருஷமும் இந்தக் கணக்கை அடுத்த தலைமுறைக்கு யார் சொல்வது? நோட்டீஸை யாரும் பத்திரமாக வைத்திருப்பதில்லை. பாட்டு நிற்கும்.

மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1980-லேயே பாட்டும் நாடகமுமான கலைஜாதா என்ற கலைப் பயணத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது, தமிழ்நாட்டில் 90-களின் எழுத்தறிவு இயக்கமான அறிவொளி இயக்கம் வீதி நாடகத்தில் அதே வழியில் போனது. பெரிய வேலை, மறுக்கவே முடியாது. ஆனால் அதில் பெரும்பாலும் எழுதினவர் ஒருவர், பார்த்தவர்கள் வேறு. இனி பார்க்கிறவர்களே எழுத வேண்டும், அதற்குத் தோதான வடிவம் நம் கையிலேயே இருக்கிறது. எங்கள் பாலக்காட்டுப் பக்கத்து நாட்டுப்புறக் கூத்தான பொறாட்டு நாடகத்தைத்தான் சொல்கிறேன். தமிழும் மலையாளமும் கலந்த பாட்டு, ஒவ்வொரு வேஷமாக உள்ளே வரும், சோத்தியக்காரன், அதாவது கேள்வி கேட்கிறவன், மறித்து நீ யார், எங்கிருந்து வருகிறாய், இங்கே என்ன வேலை என்று குடைந்து குடைந்து கேட்பான். அந்த இடத்தில் ராத்திரியில் எல்லை தாண்டிக் கழிவு கொட்டுகிற லாரிக்காரனை உள்ளே விட்டுப் பாருங்கள்! அடுத்து அவனுக்குக் காசு கொடுத்த முதலாளி, அடுத்து கண்டுகொள்ளாத அதிகாரி. 2024 டிசம்பரில் கேரளாவிலிருந்து கொண்டுவந்து திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளாவே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. தமிழ்நாட்டுப் பக்கம் போனால் உங்கள் குப்பை என்கிறார்கள், கேரளப் பக்கம் உங்கள் ஆட்கள் தண்ணீர் விடவில்லை என்கிறார்கள், எல்லையில் இருக்கிற நாம் இரண்டு பேச்சையும் வாங்கிக்கொள்கிறோம். எல்லையிலேயே இருக்கிற வேலந்தாவளத்தில் ஒரு களம் போட்டால் இரண்டு பக்கத்து ஜனமும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும், சோத்தியக்காரன் இரண்டு அரசாங்கத்தையும் கேட்கட்டும்.

கூலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பேச வருகிறவருக்குக் கார், பொன்னாடை, சாப்பாடு, பறைக்காரருக்கு டீயும் "நல்ல காரியம்தானே" என்ற வார்த்தையும். இதில் சாதி இல்லை என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். கலைஞரைக் கூப்பிட்டால் சம்பளம் முதலில் பேச வேண்டும், மேடையில் நாற்காலி போட வேண்டும், என்ன பாடுவது என்று முடிவெடுக்கிற கூட்டத்திலும் அவர் இருக்க வேண்டும். பாடி முடித்ததும் அந்தப் பாட்டில் வந்த கோரிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு கிராமசபைக்குப் போக வேண்டும், அது இல்லாவிட்டால் ஒரு ராத்திரிப் பொழுதுபோக்கோடு சரி.

வரும் கோடையில் வேலந்தாவளத்தில் ஒரு பொறாட்டு போட நினைக்கிறோம். கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டி, முதலமடை, அந்தப் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலைவரை யார் வீட்டிலாவது பொறாட்டு ஆடின பெரியவர்கள், கும்மிப் பாட்டு தெரிந்த பாட்டிகள் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நாங்களே வீட்டுக்கு வந்து பேசுகிறோம். வண்டிச் செலவும் கூலியும் உண்டு.